நுரைக்காக ஒரு மூடி

எனக்குப் பயம் கூடவே பிறந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய், கேஸை மூடினோமா என்று திரும்பி வந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும், திரும்பி வந்தபோது கதவைப் பூட்டினோமா என்று அடுத்தது தொடங்கும். கடையில் எதை வாங்கினாலும் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் படிப்பேன். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் பயத்தைச் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். இப்படிப்பட்ட நான்தான் அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், மூடியைத் திறந்துவிட மறந்தால் வெடிக்கிற சரக்கை வரிசையாக அடுக்கிவைத்து ஒரு தொழிலே செய்தேன்.

சரக்கு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, வீடு துடைக்கிற தண்ணீர். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை, சாத்துக்குடித் தோல், பத்துப் பங்கு தண்ணீர். பிளாஸ்டிக் கேனில் போட்டு மூன்று மாதம் வைத்தால் புளித்து, பழுப்பு நிறத்தில் தெளிந்து வரும். வடிகட்டி, பூந்திக்கொட்டை வேகவைத்த தண்ணீரைச் சேர்த்தால் முடிந்தது. முதல் மாதம் மட்டும் தினமும் மூடியைத் திறந்து கேஸை வெளியே விடவேண்டும். ஒரு தடவை சொந்தத்தில் கல்யாணம் என்று செங்கத்துக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டோம். வந்து பார்த்தால் ஒரு கேன் வெடித்து, சாத்துக்குடித் தோல் ஃபேன் இறக்கையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. என் நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த நாத்தனாருக்காகத்தான் நான் இதை ஆரம்பித்ததே. என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் புருஷன் தவறிய பிறகு எங்களோடு வந்துவிட்டார். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரூம் சுத்தம் செய்கிற வேலை. பிளீச்சிங் பவுடரிலும் பினாயிலிலும் பாத்ரூம் ஆசிடிலும் வருஷக்கணக்காகக் கையை வைத்து, உள்ளங்கை இரண்டும் காய்ந்த ஏரித்தரை மாதிரி வெடித்துவிட்டது. சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தால் ஸ்ஸ் என்பார். நாங்கள் பார்க்கிறோம் என்று தெரிந்தால், ரசம் சூடாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளிப்பார். கொஞ்ச நாளில் ஸ்பூனால் சாப்பிடத் தொடங்கினார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. போனில் எதையெதையோ தேடிப் பார்த்து இந்த முறையைக் கற்றுக்கொண்டேன்.

தோலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதை நெடுக ஜூஸ் கடை. மறுநாள் காலையில் அண்ணியும் நானும் சாக்கை எடுத்துக்கொண்டு போவோம். கடைக்காரர்களுக்கும் குப்பை ஒழிந்தது என்று சந்தோஷம். அழுகினதைக் கழித்துவிட்டு நல்ல தோலாகப் பொறுக்குவதில் அண்ணி கெட்டிக்காரர். மூன்று மாதம் கழித்து முதல் கேனைத் திறந்து வடிகட்டினபோது வீடு முழுக்க எலுமிச்சையும் வெல்லமுமாக ஒரே மணம். அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். இரண்டு மாதத்தில் கை ஆறிவிட்டது. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற அம்மாவுக்கும் பிடித்துப்போனது. அங்கே வந்து தங்குகிறவர்கள் கெமிக்கல் இல்லாததா, கெமிக்கல் இல்லாததா என்று கேட்கிறவர்கள். அக்கம்பக்கத்தில் ரூம் வாடகைக்கு விடுகிற நாலு வீட்டில் கேட்டார்கள். அண்ணிதான் பேசிப் பிடித்துக் கொடுத்தார். அவர் பேச்சே தனி. "என் தம்பி பொண்டாட்டி கையால செய்யறதுங்க. எலுமிச்சம்பழம், வெல்லம், பூந்திக்கொட்டை, அவ்ளோதான். குடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாது" என்பார். நான் வெள்ளைத் தாளை வெட்டி, 'இயற்கை' என்று என் கையெழுத்தில் எழுதி ஒவ்வொரு கேனிலும் ஒட்டினேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்காரர்கூடச் சொன்னார்.

பிறகுதான் இந்த நுரை வந்து சேர்ந்தது. முதலில் ஒரு வீட்டில் சொன்னார்கள். "வாசனைலாம் நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா நுரையே காணோமே. அழுக்குப் போச்சா இல்லியான்னு எப்படித் தெரியும்?" பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நுரை வரும். வாளியில் வரும், தரைக்குப் போவதற்குள் அடங்கிவிடும். அழுக்குப் போவதற்கும் நுரைக்கும் சம்பந்தமில்லை என்று நானும் தொண்டை வறளச் சொன்னேன். யார் கேட்டார்கள்? "இன்னாமோ வெறும் தண்ணி மாதிரி இருக்குதும்மா" என்றாள் அடுத்த வீட்டுக்காரி. வந்த கோபத்தில் அந்த வாளியை அவள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். மூன்றாவது வீட்டிலும் அதையே சொல்லி, அடுத்த மாதத்திலிருந்து வேண்டாம் என்றபோது கோபம் போய்ப் பயம் வந்தது. எல்லாரும் நிறுத்திவிட்டால் கெஸ்ட் ஹவுஸிலும் நிறுத்துவார்கள். அண்ணி மறுபடி பிளீச்சிங் பவுடரில் கையை வைக்கவேண்டும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. நாலு பேர் என்னைத் தேடி வந்து கேட்கிற பெருமை போய்விடுமே என்கிற பயம். அதை அப்போது ஒத்துக்கொண்டிருக்கமாட்டேன்.

டவுனில் ஒரு சந்துக்குள் சோப்புத்தூள் செய்கிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை இருக்கிறது. நுரை வர என்ன போடுவார்கள் என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு டிரம்மிலிருந்து பழுப்பாக, வெல்லப்பாகு பதத்தில் கெட்டியாக எதையோ என் கேனில் ஊற்றினார். ஆசிட் ஸ்லரி என்று பேர் சொன்னார். "கையில படாம பாத்துக்கோங்க. இத அப்படியே போடக்கூடாது, காஸ்டிக் போட்டு கட் பண்ணி, அதோட வீரியத்த எடுத்துட்டுத்தான் சேக்கணும்" என்றார். காஸ்டிக் என்ற பேரைக் கேட்டதுமே, ஐயோ, அதெல்லாம் கெமிக்கல் ஆச்சே, நமக்கு வேண்டாம் என்று அதை வாங்காமல் வந்துவிட்டேன். ஆசிட் என்று பேரிலேயே இருப்பதை வாங்கிக்கொண்டு, காஸ்டிக்குக்குப் பயந்த புத்திசாலி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு கேனுக்கு ஒரு மூடி. அவ்வளவுதான் ஊற்றினேன். அடேயப்பா, நுரை பொங்கிக்கொண்டு வந்தது. வேண்டாம் என்ற மூன்று வீடுகளும் திரும்பி வந்தன. "இப்பத்தாம்மா கரெக்டா இருக்குது" என்றார்கள். அடுத்த மாதம் இரண்டு மூடி, அதற்கடுத்து மூன்று. பழுப்போடு பழுப்பு கலந்துவிட்டதால் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஸ்லரிக் கேனைப் பாத்ரூமுக்குப் பின்னால், உடைந்த பக்கெட்டுக்கு அடியில் மறைத்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. 'இயற்கை' என்று எழுதி ஒட்டுவதையும் நிறுத்தவில்லை.

நாலாவது மாதம் அண்ணி மறுபடி ஸ்பூனை எடுத்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே, "வெய்யக் காலம்மா, கை காஞ்சி போவுது" என்றார். நான் ஆமாம் என்றேன். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன். அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். கெஸ்ட் ஹவுஸுக்குக் கொடுக்கிற கேனில் மட்டும் கலக்காமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அங்கே நுரை குறைந்தால் ஏன் என்று கேட்பார்களே என்று அதையும் செய்யவில்லை. இந்தக் கேன் முடியட்டும், அடுத்ததிலிருந்து நிறுத்தலாம் என்று ஒவ்வொரு கேனுக்கும் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் சித்ரா பௌர்ணமி வந்தது. எங்கள் வீடு கிரிவலப் பாதையிலேயே இருப்பதால், மாமனார் இருந்த காலத்திலிருந்து அன்றைக்கு வாசலில் பெஞ்சைப் போட்டு, நடந்து வருகிறவர்களுக்குப் பானகம் கொடுப்போம். பானகம் என்றால் என்ன? எலுமிச்சம்பழமும் வெல்லமும் தண்ணீரும்தானே. முதல் நாளே வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து, சுக்கு போட்டு, கெட்டியாக ஒரு வெள்ளைக் கேனில் ஊற்றி அடுப்படியில் வைத்துவிட்டேன். வேண்டும்போது தண்ணீர் விளாவி, ஏலக்காய் தூவினால் போதும்.

பௌர்ணமி அன்றைக்கு, முகம் தெரியாதவர்களெல்லாம் பாத்ரூம் எங்கே என்று பின்பக்கம் வந்துவிடுவார்கள். முந்தின வருஷம் ஒரு வாளியே காணாமல் போயிற்று. அதனால் முதல் நாள் ராத்திரியே, வடிகட்டி ஸ்லரியும் கலந்து தயாராக இருந்த ஒரு கேனை நான்தான் உள்ளே தூக்கிவந்து வைத்தேன். அதுவும் வெள்ளைக் கேன். இன்னும் தாள் ஒட்டவில்லை. வைத்த இடம் அடுப்படி. கேஸை மூன்று தடவை பார்க்கிறவள், இரண்டு கேனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை வெயில் ஏற ஏறக் கூட்டமும் ஏறியது. அண்ணி பௌர்ணமிக்கு விரதம் இருப்பவர். தலைக்கு ஊற்றிக்கொண்டு, மலைக்குக் கற்பூரம் காட்டிப் படைத்த பிறகு, அந்தப் பிரசாதத்தைத்தான் முதலில் வாயில் வைப்பார். பேப்பர் டம்ளரும் ஐஸும் வாங்க நான் கடைக்குக் கிளம்பினேன். கிளம்பும்போது வாசலிலிருந்தே கத்தினேன். "அண்ணி, வெள்ளைக் கேன்ல இருக்குது! தண்ணி மட்டும் விளாவிக்கோங்க!" நாலு வீடு தள்ளித்தான் கடை. அந்தக் கூட்டத்தில் போய் வர அரை மணி நேரம் ஆகிவிட்டது.

நான் திரும்பியபோது அண்ணி அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். எதிரே ஆறேழு பேர் வெயிலில் நின்றபடி டம்ளருக்காகக் காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "இந்தா, வந்துட்டியா" என்றார். குரல் என்னவோபோல் இருந்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டே, "ஏம்மா, சுக்கு ஜாஸ்தி போட்டுட்டியா? தொண்டையெல்லாம் எரியுது" என்றார்.

நான் அண்டாவைப் பார்த்தேன். மேலே வெள்ளையாக நுரை நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் ஏலக்காய்த் தூள்.

அடுத்தது நான் யோசித்துச் செய்ததில்லை. அண்டாவைக் காலால் உதைத்துவிட்டேன். கவிழ்ந்து தெருவெல்லாம் ஓடியது. வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் அதிர்ந்துபோய்விட்டார். "ஏம்மா, உனக்குப் பைத்தியமா? சாமிக்கு வெச்சத காலால உதைக்கிற!" என்று சத்தம் போட்டார். நல்லவேளை, டம்ளரெல்லாம் என் கையில் இருந்தன. வேறு யாரும் குடிக்கவில்லை. "நீங்க குடிச்சீங்களா? எவ்ளோ குடிச்சீங்க?" என்று அண்ணியின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினேன்.

"படைச்சத குடிச்சேன். ஒரு சொம்பு. ஏன்?"

சாமிக்கு வைக்கிறதை முன்னால் ருசி பார்க்க முடியுமா? எங்கள் வீட்டில் யாரும் பார்க்கமாட்டோம். வாயில் ஊற்றின பிறகு பிரசாதத்தைத் துப்பவும் முடியாது. படைப்பதற்காக ஒரு சொம்பில் கெட்டியாகவே ஊற்றி, பேருக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கிறார். எலுமிச்சை வாசனை, வெல்ல வாசனை, மேலே ஏலக்காய். வெறும் வயிற்றில் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் குடித்திருக்கிறார்.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். "என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"அண்ணி கேன மாத்திட்டாங்க. அது தொடைக்கிற தண்ணிங்க. குடிச்சிட்டாங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அடச்சே, இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? நான் கூட இன்னாவோன்னு பயந்துட்டேன். அதுவும் எலுமிச்சம்பழம் வெல்லம்தானே. பூந்திக்கொட்டை ஒண்ணுதான் எக்ஸ்ட்ரா. ரெண்டு தடவ வயித்தால போவும்." எதிர்வீட்டு அம்மா அதற்குள் உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார், வாந்தி எடுக்கவைத்துவிடலாம் என்று. நான் அந்தச் சொம்பைத் தட்டிவிட்டேன். பாத்ரூம் ஆசிட் பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் படித்தது ஞாபகத்தில் இருந்தது, வாந்தி எடுக்க வைக்கக்கூடாது என்று. "வேணாம், வாந்தி வேணாம்."

"ஏன் வேணாம்? இயற்கைதானே, நல்லா வெளிய வந்துடும்."

"வேணாம்னா வேணாம்!"

இவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. ஏன் என்று சொல்லவில்லை. வாயைக் கொப்பளிக்கச் சொல்லி அண்ணிக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவர் உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. அப்போதும் என்னைத்தான் தேற்றினார். "நீ ஏன் இப்படி நடுங்குற? நீ செஞ்சதுதானே? எனக்கு இன்னா ஆவப்போவுது?"

அதைக் கேட்டும் நான் சொல்லவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அண்ணி செத்துப்போய்விடுவாரோ என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. சொன்னால் இவர்கள் என்னை என்ன நினைப்பார்கள் என்று இன்னொரு பக்கம் அடித்துக்கொண்டது. இரண்டாவது பயம்தான் வாயைப் பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் போகலாம் என்று மட்டும் பிடிவாதம் பிடித்தேன். பௌர்ணமிக்குப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். ஆட்டோ வீட்டுச் சந்தில் சும்மா நின்றது. கிரிவலம் வருகிற ஜனம் முழுக்க எங்கள் வாசலில் நடக்கிறது. கொஞ்சதூரத்தில் மருத்துவ முகாம் போட்டிருப்பார்கள், நடந்து போய்விடலாம் என்றேன். "உன் பயத்துக்கு ஒரு அளவே இல்லியா?" என்று அலுத்துக்கொண்டே வீட்டுக்காரர் கூட வந்தார்.

சும்மா நாளில் பத்து நிமிஷ நடை. அன்றைக்குக் கூட்டம் நகர்ந்தால்தான் நாங்கள் நகரமுடியும். அரோகரா சத்தமும் மைக் சத்தமும் காதை அடைத்தன. தார் ரோடு சுட்டது. அண்ணி என் தோளைப் பிடித்தபடி நடந்தார். இரண்டு இடத்தில் நின்றார். ஒரு தடவை முந்தானையில் எதையோ துப்பி, நான் பார்க்காதபடி மடித்துக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன். சிவப்பாக இருந்தது. அண்ணாமலையாரே, காப்பாத்து, காப்பாத்து என்று அடிக்கு அடி சொல்லிக்கொண்டே போனேன். சாமியிடம்கூட என்ன கலந்தேன் என்று சொல்லவில்லை.

முகாமில் ஷாமியானாவுக்கு அடியில் ஒரு சின்ன வயசு லேடி டாக்டர் இருந்தார். காலில் கொப்புளம் வந்தவர்களும் மயக்கம் போட்டவர்களுமாக ஏகப்பட்ட பேர். எங்கள் முறை வந்ததும் என்ன குடித்தார் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "வீட்ல செய்யற கிளீனிங் தண்ணிங்க மேடம். பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல. கெமிக்கலே கெடையாது."

"என்னென்ன போடுவீங்க?"

இதற்கு அண்ணியே பதில் சொன்னார். தொண்டை கட்டிப்போய்க் காற்றாகத்தான் வந்தது பேச்சு. "எலுமிச்சம்பழத் தோலு, வெல்லம், பூந்திக்கொட்டை. மூணு மாசம் ஊறணுங்க. இவதான் செய்யறா." சொல்லிவிட்டு என் முதுகில் கையை வைத்தார். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னார். டாக்டர் தலையாட்டிக்கொண்டே எதையோ எழுத ஆரம்பித்தார். மாத்திரை கொடுத்து அனுப்பிவிடப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாடி பார்க்க அண்ணியின் கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கையைப் பார்த்ததும் எழுதுவதை நிறுத்தினார்.

"கை ஏன் இப்படி வெடிச்சிருக்கு?"

"வெய்யிலு மேடம்" என்றார் அண்ணி.

"ஆசிட் ஸ்லரி" என்றேன் நான்.

யாருக்கும் புரியவில்லை. டாக்டர் என்ன என்று கேட்டார். மறுபடி சொன்னேன். நுரை வருவதற்காகக் கலந்தேன், ஒரு கேனுக்கு மூன்று மூடி, கட் பண்ணாமல் அப்படியே, நாலு மாசமாக. சொல்லச் சொல்ல என் குரல் ஏறி, கடைசியில் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் காலுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் எழுந்துவிட்டார். "இத வந்தவுடனே சொல்லமாட்டீங்களா? படிச்சவங்கதானே நீங்க?" என்று திட்டிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். வாந்தி எடுக்கவைத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அது ஒன்றாவது உருப்படியாகச் செய்தீர்கள் என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைத் தாண்டிப் போய் அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டார். அறைந்திருந்தால்கூட எனக்குத் தேவலை. அண்ணி என் முதுகில் வைத்திருந்த கையை எடுத்தார். வெடுக்கென்று எடுக்கவில்லை. மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸில் ஏறும்போது கை கொடுத்தேன். அவர் கம்பியைப் பிடித்து ஏறினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் மேல்தோல் வெந்திருக்கிறது, ஆழமாகப் போகவில்லை என்றார்கள். தண்ணீர் கலந்திருந்ததால் தப்பித்தார். அஞ்சு நாள் வாய் வழியாக ஒன்றும் கூடாது, டிரிப்ஸ்தான். அந்த அஞ்சு நாளும் வார்டு வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் படுகிற நர்ஸையெல்லாம் பிடித்து, உணவுக்குழாய் சுருங்கிவிடுமா, இனிமேல் சோறு இறங்குமா என்று கேட்டேன். ஒருத்தர், "நீங்க பயப்படறத நிறுத்தினாலே அவங்க ஆறிடுவாங்க" என்று அதட்டினார். பயப்படாமல் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் வெளியே வந்து, சரக்குக் கொடுக்கிற அஞ்சு வீட்டுக்கும் போனேன். கலந்ததைச் சொல்லி, மிச்சமிருந்த கேனையெல்லாம் திருப்பிக் கேட்டு வாங்கினேன். கெஸ்ட் ஹவுஸ் அம்மா கும்பிடு போட்டுக் கதவைச் சாத்தினார். சாத்தட்டும், நியாயம்தான். ஒருத்தி மட்டும் குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் கலக்கறதுதானேம்மா, இத வெளிய சொல்லிக்கினு இருக்கியே. நீ அதையே குடு, நுரை நல்லா வருது" என்றாள். நடுத்தெரு என்றும் பார்க்காமல் அவளைத் திட்டித் தீர்த்தேன். திட்டினதில் பாதி எனக்குச் சேரவேண்டியது. ஸ்லரிக் கேனை டவுன் கடைக்காரரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆறாம் நாள் கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். வீட்டில் அரிசியைக் குழைய வேகவைத்து, வடிகட்டி, உப்புகூடக் குறைத்துப்போட்டு, ஆறவைத்து எடுத்துப் போனேன். அண்ணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சின்னதாகிப்போயிருந்தது. டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"நீ ஒரு வாய் குடிம்மா."

குடித்தேன். நான் விழுங்குகிற வரைக்கும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டம்ளரை வாங்கி, ஒவ்வொரு மடக்காக மெதுவாகக் குடித்தார்.

இப்போது அண்ணி நன்றாக இருக்கிறார். காரம் மட்டும் சேர்ப்பதில்லை. வேறொரு லாட்ஜில் வேலைக்குப் போகிறார். கையுறை மாட்டிக்கொண்டு கடை பினாயிலால் துடைக்கிறார். நான் இப்போதும் வீட்டுக்கு மட்டும் தோலை ஊறவைத்து, ஒன்றும் கலக்காமல் செய்கிறேன். அதில் கொஞ்சம் எடுத்துப்போகச் சொன்னேன். "இதுல இன்னா இருக்குதுன்னு பாட்டில்ல எழுதியிருக்குதும்மா" என்றார், வேலைக்கு எடுத்துப்போகிற பையில் இருந்த பினாயிலைக் காட்டி. குத்திக்காட்டுகிற குரலே இல்லை. சண்டையும் போடவில்லை. டிவி பார்க்கும்போது பழையபடி என்னோடு சிரிக்கிறார், என் வீட்டுக்காரரோடு நான் சண்டை போட்டால் என் பக்கம்தான் பேசுகிறார். ஆனால் நான் எதை ஊற்றிக் கொடுத்தாலும், காபியோ மோரோ வெந்நீரோ, அதே வார்த்தைதான். நீ ஒரு வாய் குடிம்மா. ஃபேனைப் போடும்மா என்று சொல்வாரே, அந்தக் குரலில்தான் சொல்வார்.

நேற்றுக் காலையில் காபி கலந்தேன். அவர் சொல்வதற்கு முன்னால் நானே அவர் கண்ணெதிரே ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். வாய் வரைக்கும் கொண்டுபோனவர் நிறுத்தி, மறுபடி என் பக்கம் நீட்டினார்.

"இன்னொரு வாய் குடிம்மா" என்றார்.

குடித்தேன்.